கோழி காத்திருக்காது

பாஸ்தா வேகப் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்பது உலகம் முழுவதும் நிலவும் ஒரு தவறான நம்பிக்கை. பாக்கெட்டின் முதுகில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள், இத்தாலியர்கள் தலைமுறை தலைமுறையாக அதைச் சொல்லிவருகிறார்கள், யூடியூபில் சமையல் சொல்லித்தருபவர்கள் அலைபேசியில் மணி வைத்து நிரூபித்துக்கூடக் காட்டுகிறார்கள்; இத்தனை பேர் சேர்ந்து சொல்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதை வருத்தத்துடன் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. சரியான விடை: வர வேண்டியவர் வந்து சேரும் வரை. மற்ற ஊர்களைப் பற்றி உறுதி சொல்ல முடியாது. திருப்பூரில், அவினாசி சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஒரு அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில், சுகுணாதேவியின் அடுப்பில் அப்படித்தான் நடந்தது.

சுகுணா ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் நடத்துபவள். ஆகவே கொதிநிலை விஷயத்தில் அவளிடம் யாரும் விளையாட முடியாது. அவள் கணவர் ஈஸ்வரமூர்த்தி ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டில் ஒருவர் பனியன் கேட்பதற்கும் அந்தப் பனியன் கப்பலில் ஏறுவதற்கும் நடுவே நடக்கும் எல்லாத் தவறுகளுக்கும் பதில் சொல்பவர். மகள் மிருதுளா பதினோராம் வகுப்பு. அந்த அடுப்பில் இருந்த சட்டி, கொங்கு வழக்கில் வடச்சட்டி, இத்தாலியிலிருந்து பனியன் வாங்க வந்த ஒரு பையர் மூர்த்திக்குப் பரிசாகக் கொடுத்தது: அகலம், கனம், கறுப்பு. அனுப்பர்பாளையத்துப் பாத்திரக்காரர் ஒருவர் பிறகு அதைத் தட்டிப் பார்த்து, "நல்ல இரும்புங்க" என்றார். அதன் மூலத்தைப் பற்றி அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை.

வார நாட்களில் ஒரே சட்டியில் சமைப்பது என்று சுகுணா முடிவெடுத்ததற்குக் காரணம் கழுவ ஒரே பாத்திரம் என்பதுதான். வார நாள் என்பதிலும் ஒரு திருத்தம் உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை என்பது கம்ப்யூட்டர் ஊர்களின் கணக்கு. பனியன் ஊரில் சனிக்கிழமையும் வார நாள்தான், அன்று சம்பளம் என்பதால் மற்ற நாட்களைவிட ஒருபடி கூடுதலாகவே வார நாள். அவற்றில் செவ்வாய், வெள்ளி, சனி அந்த வீட்டில் கறி, மீன் என்று எந்தக் கவிச்சியும் கிடையாது. மிச்சமுள்ள மூன்று நாட்களில் அவள் பள்ளியிலிருந்து வந்து, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, வெண்ணெயில் எலும்பில்லாத கோழித் துண்டுகளை உப்பும் மிளகும் போட்டுச் சிவக்கப் புரட்டி, பூண்டைத் தட்டிப் போட்டு, வெங்காயம் கண்ணாடியாகும் வரை பொறுத்து, அதே சட்டியில் பாஸ்தாவைப் பச்சையாகவே கொட்டி, பாலும் தண்ணீரும் முங்க ஊற்றி, மூடி போட்டு, கடைசியில் ஒரு சின்ன பாக்கெட் கிரீமும், இத்தாலியர்கள் அறிந்தால் வருந்தக்கூடிய ஒரு கொத்து கருவேப்பிலையும் சேர்ப்பாள். பழைய அலுமினியச் சட்டியில் இது நெடுநாள் ஒழுங்காக நடந்தது. புதுச் சட்டி அடுப்பேறிய முதல் திங்கட்கிழமை, கோழி வெந்தது, பால் கொதித்தது, பாஸ்தா வேகவில்லை.

"அம்மா, பிளாஸ்டிக் மாதிரியே இருக்குதும்மா" என்றாள் மிருதுளா, ஒன்றைக் கடித்துவிட்டு.

பால் வற்றவுமில்லை, அடி பிடிக்கவுமில்லை. சட்டி பொறுமையாகக் கொதித்துக்கொண்டே இருந்தது. மூர்த்தி வந்து வாசலில் ஷூவைக் கழற்றிய நேரத்தில் பாஸ்தா மெல்ல இளகி, வளைந்து, பாலைக் குடித்து, வெந்துவிட்டது. சுகுணா அதைத் தற்செயல் என்று எடுத்துக்கொண்டாள். புதன்கிழமையும் அப்படியே ஆனபோது தண்ணீரைச் சந்தேகித்தாள், ஏனென்றால் திருப்பூரில் எது நடந்தாலும் முதலில் தண்ணீரைச் சந்தேகிப்பதுதான் முறை. போர் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர் மூன்றிலும் வைத்துப் பார்த்தாள். பாஸ்தாவின் கம்பெனியை மாற்றினாள். ஒரு வாரம் கழித்துத் தன் முடிவை அறிவியலுக்குரிய நிதானத்தோடு மகளிடம் அறிவித்தாள்: "உங்கப்பா வந்தாத்தான் வேகுது."

"செரி, அப்ப டியூசன் ஹோம்வொர்க்க முடிச்சுட்டு வாரேன்" என்றாள் மிருதுளா.

திருப்பூரில் வேலை பார்க்கும் ஆண்கள் எல்லோரிடமும் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து போன் வந்தால், "வந்துட்டே இருக்கேன், பாலத்து மேல இருக்கேன்" என்பார்கள். அந்த நேரத்தில் அவர்கள் பேக்கிங் செக்சனில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஒரு பாலத்தின் மேல் ஏழரை மணிக்கு இத்தனை ஆயிரம் கணவர்கள் எப்படி நிற்க முடியும் என்று எந்த மனைவியும் கேட்பதில்லை. அது ஒரு மரியாதை. புதுச் சட்டி இந்த மரியாதையை முதலில் குலைத்தது. மூர்த்தி உண்மையாகவே கிளம்பிவிட்டால் பாஸ்தாவின் ஓரம் கொஞ்சம் இளகும், கிளம்பாவிட்டால் இளகாது என்பதைச் சுகுணா இரண்டாவது வாரமே கண்டுகொண்டாள்.

"பாலத்து மேல இருக்கறேன் சுகுணா."

"நீங்க இன்னும் சேரை விட்டே எந்திரிக்கலைங்க. இங்க கல்லாட்டம் கெடக்குது."

எதிர்முனையில் நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது.

செய்தி அடுக்ககம் முழுக்கப் பரவியது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அப்பளம் காய வைப்பது, லிப்ட் பழுது, கார் நிறுத்துமிடத் தகராறு ஆகியவற்றோடு இதுவும் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துகொண்டது. மூர்த்தியின் நிறுவனத்து முதலாளிகூட மாலையில், "ஈஸ்வரமூர்த்தி, உங்க வீட்ல பாஸ்தா போட்டாச்சுங்களா? அப்பக் கெளம்புங்க, டீச்சர் சிலிண்டர் வீணாகுது" என்று சொல்லத் தொடங்கினார். சிலிண்டர் விஷயம் உண்மைதான். முன்பு இரண்டு மாதம் வந்தது இப்போது ஒரே மாதத்தில் தீர்ந்தது. இன்னொரு சேதமும் இருந்தது. பாஸ்தா காத்திருக்கும், பால் காத்திருக்கும், ஆனால் கோழி காத்திருக்காது. மூர்த்தி சீக்கிரம் வந்தால் அது துண்டு துண்டாகக் கிடக்கும், தாமதமாக வந்தால் பிய்ந்து நார் நாராகும், மிகவும் தாமதமானால் நூல் நூலாகப் பிரிந்து கிரீமில் கலந்துவிடும். நூலைப் பார்த்தே சோறு உண்பவர் என்பதால் மூர்த்தி ஒரு இழையை விரலால் தூக்கிப் பார்த்து, "இன்னைக்கு நாப்பதாம் நம்பர்" என்பார்; நூல் மெலிய மெலிய நம்பர் கூடும் என்பது பனியன் ஊர்க் கணக்கு. மிருதுளா சிரிப்பாள். சுகுணா ஆரம்பத்தில் சிரித்தாள்.

மூன்றாம் மாடிக் கோமளவல்லி சட்டியை இரவல் கேட்டாள். "டீச்சரக்கா, ஒரே ஒரு நாளைக்கு. அந்த மனுசன் கோபிக்குப் போயிருக்கறாரு, எத்தன மணிக்கு வாரார்னு பாத்துருவோம்." அவள் வீட்டில் பாஸ்தா பாக்கெட்டில் போட்டிருந்த நேரத்துக்கே வெந்தது. கணவர் அப்போது கோபியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தார். கோமளம் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்து, "என்ற பாஸ்தா நல்ல பாஸ்தா, யாருக்கும் அடிமை இல்ல" என்றாள். குழுவில் இது நாள் முழுக்க ஓடியது. தரைத்தளத்தில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரும் ஒரு வியாழக்கிழமை வாங்கிப் போனார். அவருடைய மகன் கனடாவில். அன்று இரவு வெகுநேரம் அவர் சமையலறை விளக்கு எரிந்தது. மறுநாள் காலை அவர் சட்டியைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தார், நன்றி சொன்னார், மறுபடி கேட்கவில்லை.

இப்படியாக விதி தெளிவாயிற்று: சட்டி ஆட்களை எண்ணுவதில்லை, அந்த வீடு யாருக்காகக் காத்திருக்கிறதோ அவருக்காக மட்டும் அதுவும் காத்திருக்கிறது. மூர்த்தி இதைக் கேட்டபோது அவர் நெஞ்சு ஒரு சுற்று பெரிதானது. கோமளத்தின் கணவரைப் படிக்கட்டில் பார்த்தால் கொஞ்சம் பரிவோடு சிரிக்கவும் ஆரம்பித்தார்.

காத்திருக்கப்படுகிறோம் என்று தெரிந்த மனிதன் என்ன செய்வான்? சீக்கிரம் வருவான் என்று நினைப்பது இன்னொரு தவறான நம்பிக்கை. முதல் மாதம் ஓடி ஓடி வந்தார். பிறகு கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் வந்தன, சாய ஆலையில் நிறம் மாறி வந்தது, தூத்துக்குடிக் கப்பலை லாரி தவறவிட்டது. எப்படியும் வேகாது, எப்படியும் நான் இல்லாமல் சாப்பிட மாட்டார்கள் என்ற ஒரு சுகமான நினைப்பு அவர் உள்ளே சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. எட்டரை ஒன்பதாகியது. மிருதுளா பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் புத்தகத்தின் மேல் தூங்கினாள். சுகுணா சட்டியின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு விடைத்தாள்களைத் திருத்தினாள், இடையிடையே மூடியைத் திறந்து பார்த்து மூடினாள். அவருக்கு நேரமாகிறது என்று அவள் ஒரு நாளும் சண்டை போடவில்லை. ஒரே ஒரு நாள், "அலுமினியச் சட்டி எங்க வெச்சேன்னு தெரியல" என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள்.

கார்த்திகை மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் ஏழே முக்காலுக்கு மூர்த்தி போன் செய்தார். அன்று ஏதோ ஒரு நேர்மை அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. "சுகுணா, பொய் சொல்ல விரும்பல. இன்னும் பேக்கிங்லதான் இருக்கறேன். ஒரு மணி நேரம் ஆகும்."

"வெளையாடாதீங்க. வாசல்லதான நிக்கிறீங்க?" என்றாள் அவள். "வெந்துருச்சுங்க."

"நெசமாலுமே பேக்கிங்லதான் இருக்கறேன்."

"இல்லைங்க, வெந்துருச்சு. நாந்தான் தொட்டுப் பாத்தேன்."

அவர் பக்கத்தில் டேப் ஒட்டும் இயந்திரம் சர் சர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கேட்டாள். அவள் கேட்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

"செரி," என்றார் மூர்த்தி கடைசியில். "நீங்க சாப்புடுங்க."

அவள் சாப்பிட்டாள். இதையும் சொல்லிவிட வேண்டும்: அவளுக்கு அழுகை வரவில்லை. பாஸ்தா சூடாக, கோழி துண்டு துண்டாக, கிரீம் வழுவழுப்பாக இருந்தது; நெடுநாளுக்குப் பிறகு பசித்த நேரத்தில் சாப்பிட்டதால் உடம்பு லேசாயிற்று. இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். அப்படிப் போட்டுக்கொண்டதுதான் பிறகு அவளை உறுத்தியது.

விஷயம் கேள்விப்பட்டதும் அடுக்ககத்தார் முறை தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நாலைந்து வீட்டிலிருந்து வந்து ஹாலில் உட்கார்ந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. காபியை வேண்டாம் என்று சொல்லி, பிறகு குடித்தார்கள். வந்தவர்கள் கிளம்பும்போது போய்ட்டு வாரோம் என்று சொல்லாமல் எழுந்து போனார்கள், துக்க வீட்டில் அப்படித்தானே. கோமளத்தின் கணவர் மட்டும் மூர்த்தியின் தோளில் கை வைத்து, "ஒண்ணும் கவலப்படாதீங்க மாப்ள, பழகிருச்சுன்னா நல்லாத்தான் இருக்கும்" என்றார். அந்தக் கைதான் மூர்த்தியைக் கலங்க வைத்தது.

"நீ என்ன பண்ணுன சுகுணா?" என்று அன்று மாலை கேட்டார்.

"நா ஒண்ணும் பண்ணலைங்க. தண்ணி கொதிச்சுது, வெந்துச்சு. பாஸ்தான்னா அப்படித்தானுங்க."

"அதில்ல..."

"எதில்லைங்க?" என்று அவள் திரும்பி நேராகப் பார்த்தாள். "காத்திருக்கறது ஒரு வேலைங்க. ஸ்கூல் வேல, சமையல் வேல மாதிரி அதும் ஒரு வேல. அதுக்கும் ரிட்டயர்மெண்ட்டு உண்டு."

மறுநாளிலிருந்து மூர்த்தி ஏழு மணிக்கு வீட்டில் இருந்தார். முதலாளி முகம் சுளித்தார். டேப் இயந்திரம் இவர் இல்லாமலும் ஓடியது. பூண்டு உரித்தார், பாலை அளந்தார், மேசை துடைத்தார். பாஸ்தா ஒழுங்காக வெந்தது, கோழி துண்டு துண்டாகவே இருந்தது, சிலிண்டர் பழையபடி இரண்டு மாதம் வந்தது. அப்போதுதான் தான் ஒரு தர்க்கப் பொறியில் மாட்டியிருப்பது அவருக்கு உறைத்தது. வீட்டில் இருந்தால் எப்படியும் வேகும். ஆகவே தனக்காகக் காத்திருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. தெரிய வேண்டுமானால் தாமதமாக வர வேண்டும். தாமதமாக வந்துதான் அதை இழந்தார். தர்க்கம் படித்தவர்கள் இந்த வகைச் சிக்கல்களுக்குக் கிரேக்கர்களைத்தான் உதாரணம் காட்டுவார்கள். கிரேக்கர்கள் யாரும் பேக்கிங் செக்சனில் வேலை பார்த்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் சோதித்துப் பார்த்தார். ஏழு மணிக்கே வந்து, கீழே கார் நிறுத்துமிடத்தில், காருக்குள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மேல் பால்கனியிலிருந்து கோமளம், "ஏனுங்ணா, இருட்டுல என்ன பண்றீங்?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். அவர் மேலே ஏறிப் போனபோது பாஸ்தா வெந்திருந்தது. அவருக்காகக் காத்திருக்காததால் வெந்ததா, அவர்தான் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறாரே என்று வெந்ததா என்பதற்கு விடையில்லை.

"நா இல்லாதப்ப எப்டி அம்முணி, ஒடனே வெந்துருதா?" என்று மகளிடம் தனியாகக் கேட்டார்.

"நீங்கதான் தெனமும் இருக்கறீங்களேப்பா" என்றாள் மிருதுளா. "எனக்கு எப்பிடித் தெரியும்?"

வருடம் சுற்றியது. புரட்டாசியில் கோழிக்குப் பதில் காளான். காளான் எவ்வளவு நேரம் கொதித்தாலும் காளானாகவே இருக்கும், எதையும் காட்டிக்கொடுக்காது. சுகுணா சிரிக்கத் தொடங்கியிருந்தாள், பூண்டு உரிக்கும் அவர் விரல்களைக் கேலி செய்தாள், ஆனால் சட்டியைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. அடுக்ககமும் அதை மறந்து, மொட்டை மாடியில் யார் துணி காயப்போடுவது என்ற பழைய பிரச்சினைக்குத் திரும்பியிருந்தது.

ஐப்பசி பிறந்த பிறகு வந்த முதல் புதன்கிழமை, மாலை நான்கு மணிக்கு வானம் உடைந்தது. ஆறரைக்கு மூர்த்தி கிளம்பினார். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போகும் சாலையில் அவர்கள் நிறுவனத்து லாரியே தண்ணீரில் நின்றிருந்தது, உள்ளே ஆயிரக்கணக்கில் குழந்தைச் சட்டைகள். டிரைவர் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு கேபின் மேல் நின்று, "சார், சார்!" என்று கத்திக்கொண்டிருந்தார். மூர்த்தி இறங்கினார். பெட்டிகளை ஒவ்வொன்றாக இன்னொரு வண்டிக்கு மாற்றினார்கள். சட்டைப்பையில் இருந்த அலைபேசி முதல் பெட்டிக்கே தண்ணீர் குடித்துச் செத்தது. வீட்டுக்குச் சொல்ல வழியில்லை. பாலத்து மேல் இருக்கிறேன் என்று பொய் சொல்லவும் வழியில்லை. பெட்டிகள் முடிந்தபின், காரை அங்கேயே விட்டுவிட்டு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் அவர் வீட்டை நோக்கி நடந்தார். வழியெல்லாம் அவர் மனதில் ஒரே கேள்விதான் இருந்தது. அது ஊர்த் தண்ணீரைப் பற்றியதல்ல.

கதவைத் திறந்தவள் சுகுணா. அவர் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"போன் நனைஞ்சுருச்சு" என்றார்.

"தெரியுதுங்க."

"சாப்புட்டீங்களா?"

"அப்பவே வெந்துருச்சுங்க. ஏழரைக்கே. நாங்க சாப்புட்டாச்சு." அவள் குரல் வேதியியல் குரலாக இருந்தது. "உங்களுக்கு அடுப்பு மேலயே இருக்குது, போட்டுக்குங்க. எனக்குத் தூக்கம் வருது."

உள் அறையிலிருந்து மிருதுளாவின் சத்தம் எதுவும் வரவில்லை. மேசை மேல் பிஸ்கட் பாக்கெட் ஒன்று பிரித்துக் கிடந்தது. மூர்த்தி தலையைத் துவட்டிக்கொண்டே சமையலறைக்குப் போனார். அடுப்பின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது, அதன் மேல் பாதி திருத்திய விடைத்தாள் கட்டு. கழுவும் தொட்டியில் ஒரு தட்டுக்கூட இல்லை. மூடியைத் திறந்தார். சட்டி நிறைந்திருந்தது, கரண்டி பட்ட தடம்கூட இல்லாமல், மூன்று பேருக்கானது மூன்று பேருக்காக அப்படியே இருந்தது. பாஸ்தா அப்போதுதான் வெந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கோழியைத் தேடினார். கோழி இல்லை. கிரீம் முழுக்க மெல்லிய, வெளிறிய நூல்கள்தான் ஓடின. ஒன்றை விரலால் தூக்கி டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவ்வளவு மெல்லிய நூலை அவர் தொழிலில் பார்த்ததில்லை.

அவர் நம்பர் எதுவும் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து மூன்று தட்டுகளை எடுத்தார்.

"அம்முணி, எந்திரி" என்று கூப்பிட்டார். மிருதுளா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, அம்மாவின் முகத்தையும் பார்க்காமல் அப்பாவின் முகத்தையும் பார்க்காமல், தட்டின் முன்னால் உட்கார்ந்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். சுகுணா கொஞ்ச நேரம் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"கருவேப்பில போடலைங்க, மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவளும் வந்து உட்கார்ந்தாள்.

அந்த முறை சிலிண்டர் வழக்கத்தைவிட முன்னதாகவே தீர்ந்துபோனது.